பதினான்காம் பக்கம்

ஜூன் 18

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உன் மணிக்கட்டு வலி எப்படி இருக்கிறது? அம்மா தினமும் கேட்கிறாள்.

இந்தக் கடிதம் வந்ததை யாரிடமும் சொல்லாதே. மாடிப்படி விளக்கின் வெளிச்சம் சமையலறை ஜன்னல் வழியாகக் கொஞ்சம் விழும். அதில்தான் எழுதுகிறேன். என் திக்கலுக்குப் பயிற்சி கொடுப்பவர் சொன்னதிலிருந்து, வீட்டில் நான் எதையும் எழுதிக் காட்டக் கூடாது. என் குறிப்புப் புத்தகத்தை அப்பா வாங்கி பீரோவின் மேல் வைத்துவிட்டார். "வாயத் திறந்து சொல்லும்மா, அப்பா காத்திருக்கேன்ல" என்கிறார். காத்திருக்கத்தான் செய்கிறார். ஆனால் கண் கடிகாரத்துக்குப் போய்விடும். எங்கேயாவது ஒரு லிஃப்ட் நின்றுபோய், ஆள் உள்ளே மாட்டிக்கொண்டு, அதைப் பழுதுபார்க்க அவருக்கு அழைப்பு வந்துகொண்டே இருக்கும். உன்னோடு பேசுவதென்றாலும் ஞாயிற்றுக்கிழமை போனில்தானாம். போனில் நான் பேசும் லட்சணம் உனக்கே தெரியும். நீ "சாப்பிட்டியா? சாப்பிட்டிருப்பே" என்று கேள்வியும் பதிலும் சொல்லி முடித்துவிடுவாய்.

ஒன்று கேட்க வேண்டும். நீ மென்பொருளுக்குக் கையேடு எழுதுகிறாய் அல்லவா? எங்கள் பள்ளியில் ஒரு மென்பொருள் போட்டிருக்கிறார்கள். பழகிப் பார்க்க அதில் ஒரு கணக்கு உண்டு. அதற்கு நாம் செய்தி அனுப்பலாம், அது பதில் அனுப்பாது. கையேட்டில் அதற்கு ‘ஊமைக் கணக்கு’ என்று பெயர். இப்படி எழுதியிருக்கிறது: "ஊமைக்குக் கடவுச்சொல் தேவையில்லை. ஊமையை யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். ஊமை பதில் சொல்லாது. அது பழுது அல்ல."

எங்கள் வகுப்பில் ஒரு பெண் இருக்கிறாள். பின்பெஞ்சு நெட்டையன் அவளைப் பார்க்கும்போதெல்லாம் இந்த நான்கு வரியையும் பாட்டு மாதிரி சொல்கிறான். இப்போது வகுப்பே சொல்கிறது. இப்படிப்பட்ட சொற்களை யார் முடிவு செய்கிறார்கள்?

இன்னொரு விஷயம், கணினிப் பாடத்தை விட்டுவிடலாமா என்று பார்க்கிறேன். அதற்கான படிவம் வாங்கிவிட்டேன். அப்பா கையெழுத்துதான் வேண்டும்.

பதிலைக் கீழ்வீட்டுத் தையல்காரம்மா பெயருக்கு அனுப்பு. துணிக்குள் மடித்துக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
உன் தங்கை

ஜூன் 29

என் சுண்டெலிக்கு,

நான் நலம். மணிக்கட்டுக்கு ஒரு பட்டை போட்டிருக்கிறேன், குத்துச்சண்டைக்குப் போகிறவள் போல இருக்கிறதாம். நீ ஒழுங்காகத் தூங்குகிறாயா? அந்த வெளிச்சத்தில் எழுதிக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே என்று சொல்ல வாய் வருகிறது. ஆனால் எழுதாதே என்று சொல்ல மனம் வரவில்லை.

சொற்களை யார் முடிவு செய்கிறார்கள் என்று கேட்டாய். பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. ஒரு நாற்காலியில் ஒருத்தர் உட்கார்ந்திருப்பார். மாலைக்குள் நாற்பது பக்கம் முடிக்க வேண்டியிருக்கும். முதலில் தோன்றிய சொல்லைப் போடுவார். அது சொற்பட்டியலில் ஏறிவிடும். பிறகு யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பதினான்காம் பக்கத்தில் இருக்கிற அந்த நான்கு வரியும் அப்படித்தான் வந்திருக்கும்.

அந்தப் பெண் எப்படி இருக்கிறாள்? நன்றாகச் சாப்பிடுகிறாளா?

பாடத்தை விட்டுவிடாதே. சின்ன வயதில் என் பழைய விசைப்பலகையைக் கழற்றி, எழுத்துகளை அகர வரிசையில் மாட்டி வைத்தவள் நீ. படிவத்தைப் பையிலேயே வைத்திரு. அவசரம் இல்லை.

அம்மாவின் கால் வீக்கம் பற்றி எழுது.
அக்கா

ஜூலை 7

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்தான். அம்மாவின் கால் வீக்கம் பரவாயில்லை. ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் இடத்தில் உட்கார்ந்து செய்கிற வேலைக்கு மாற்றிவிட்டார்கள்.

அந்தப் பெண் சாப்பிடுகிறாள். ஆனால் தனியாக. நேற்று கணினி டீச்சர் வருகைப் பதிவு எடுத்தார். அவளுக்கு ‘உள்ளேன்’ என்று சொல்ல வரவில்லை. நெட்டையன் பின்னாலிருந்து, "டீச்சர், பதில் சொல்லாது, அது பழுது அல்ல" என்றான். டீச்சருக்குக்கூடச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டார், ஆனால் வந்துவிட்டது. அவளும் சேர்ந்து சிரித்தாள். சிரிக்காவிட்டால் இன்னும் மோசமாகிவிடும்.

படிவம் பையில்தான் இருக்கிறது.

மணிக்கட்டுக்கு ஒத்தடம் கொடு.
உன் தங்கை

ஜூலை 20

சுண்டெலி,

நலமாயிரு. இங்கே மழை, எனக்குச் சளி, மற்றபடி குறையில்லை.

உன் கடிதம் வந்த மறுநாளே எங்கள் அலுவலகத்தில் ஒரு பட்டியல் போட்டேன். எங்கள் கையேடுகளில் என்னவெல்லாம் இருக்கிறது தெரியுமா? வேலை கொடுக்கும் கணினிக்கு எஜமான், வாங்கிச் செய்யும் கணினிக்கு அடிமை. தடுக்கப்பட்டவர்களுக்குக் கறுப்புப் பட்டியல். பாதி வசதிகளோடு ஓடினால் நொண்டி முறை. பயனர் என்று வந்துவிட்டால் எப்போதும் ‘அவன்’தான். உன்னையும் என்னையும் கணினி தொட விட்டதே பெரிய விஷயம்.

எங்கள் குழுத் தலைவரிடம் கொண்டுபோனேன். அவரை நாங்கள் முற்றுப்புள்ளி என்போம், அவர் பேசிவிட்டால் அதற்கப்புறம் பேச்சில்லை. பட்டியலைப் பார்த்தார். "இத்தனை வருஷமா யாருக்காவது வலிச்சுதா? ஒரு புகார் காட்டுங்க பாப்போம்."

எங்கள் வேலையின் விதி அப்படி. பயன்படுத்துகிற ஒருவர் தன் பெயர் போட்டு, எங்கே, என்ன, தனக்கு என்ன ஆயிற்று என்று எழுதினால்தான் கோப்பு திறக்கும். யாரோ ஒருத்திக்காக இன்னொருத்தி எழுதினால் செல்லாது.

அந்தப் பெண் எழுதுவாளா? கேட்டுப் பார். வற்புறுத்தாதே.

அப்பாவின் முதுகுக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன்.
அக்கா

ஆகஸ்ட் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். தைலம் வந்தது. அப்பா, "நாறுது, ஆனா கேக்குது" என்றார்.

புகாரை இத்துடன் வைத்திருக்கிறேன். ஏழு முறை எழுதிக் கிழித்தேன். காகிதம் கிழிகிற சத்தத்தில் அப்பா இருமிக்கொண்டு புரண்டு படுத்தார். எனக்கு உயிரே போய்விட்டது.

அதில் இருப்பது இவ்வளவுதான்:

"நான் ஒன்பதாம் வகுப்பு மாணவி. எனக்குத் திக்கல் உண்டு. உங்கள் கையேட்டில் பதில் அனுப்பாத கணக்குக்கு ஊமை என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். என் வகுப்பில் அந்தப் பெயரை எனக்கு வைத்துவிட்டார்கள். ஊமையை யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று நீங்கள் எழுதியிருப்பதால், என் பென்சிலையும் குடையையும் கேட்காமல் எடுத்துக்கொள்கிறார்கள். எனக்குப் பதில் இருக்கிறது. வர நேரமாகும். அவ்வளவுதான்."

கீழே பெயர் போட்டிருக்கிறேன்.

அந்தப் பெண் நான்தான், அக்கா. அப்பாவிடம் சொல்லிவிடாதே. "யார்ரா அவன்?" என்று பள்ளிக்கே வந்துவிடுவார். அப்புறம் எல்லோர் முன்னாலும் என்னைத்தான் சொல்லச் சொல்வார்.

உன் சளி போயிற்றா?
உன் தங்கை

செப்டம்பர் 1

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? ஒரு மாதமாகிவிட்டது. தையல்காரம்மாவைப் பார்க்கும்போதெல்லாம் அவர் தலையை மட்டும் ஆட்டுகிறார். ஞாயிற்றுக்கிழமை போனில் உன் குரல் வேறு மாதிரி இருந்தது. "சாப்பிட்டியா" என்று மட்டும் கேட்டாய். பதிலை நீயே சொல்லவில்லை. நான் ‘ம்’ சொல்வதற்குள் அப்பா வாங்கிக்கொண்டார்.

கோபமா? புகாரில் தப்பாக ஏதாவது எழுதிவிட்டேனா? வேண்டாமென்றால் கிழித்துப் போட்டுவிடு.

தங்கை

செப்டம்பர் 9

என் கண்ணே,

உடம்புக்கு ஒன்றுமில்லை. கோபமும் இல்லை. உன்மேல் இல்லை.

புகாரை அலுவலகத்தில் கொடுத்துவிட்டேன். கொடுத்த அன்றே. உனக்கு எழுதத்தான் கை வரவில்லை. இதற்கு முன் மூன்று கடிதம் எழுதி மேசைக்குள்ளேயே போட்டேன். உனக்கு ஏழு, எனக்கு மூன்று.

அந்தப் பக்கத்தை எழுதியது நான். மூன்று வருடத்துக்கு முன், வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் மாதம். செய்தி வாங்கும், பதில் அனுப்பாது, சரி, ஊமை என்று போட்டேன். நன்றாக இருக்கிறதென்று பக்கத்து இருக்கைக்காரியிடம் காட்டியும் சிரித்தேன். வீட்டில் உன்னை வைத்துக்கொண்டு அந்தச் சொல்லை நான் ஒரு நாளும் சொன்னதில்லை. அலுவலகத்தில் உட்கார்ந்தால் மட்டும் உன் ஞாபகம் எங்கே போயிற்று?

கடையில் நீ ‘அ… அ…’ என்று நின்றால், "அரை கிலோ சர்க்கரை குடுங்க" என்று நான் முந்திக்கொள்வேன். எவ்வளவு நல்ல அக்கா என்று எல்லோரும் சொல்வார்கள். ஒரு தடவை நீ கேட்க வந்தது அரிசி. நான் வாங்கியது சர்க்கரை. நீ ஒன்றும் சொல்லாமல் தூக்கிக்கொண்டு வந்தாய். இந்த மாதம் முழுவதும் அந்தச் சர்க்கரைப் பொட்டலம்தான் என் கண்முன் நிற்கிறது.

மன்னித்துவிடு என்று கேட்கக்கூட வெட்கமாக இருக்கிறது. நீ நன்றாகத் தூங்கு.

அக்கா

செப்டம்பர் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். நீ சாப்பிடாமல் இருக்காதே.

எனக்கு ஜூலை மாதமே தெரியும். என் முதல் கடிதத்தில் பக்க எண்ணை நான் எழுதவில்லை. நீதான் பதினான்காம் பக்கம் என்று எழுதினாய். அன்றைக்கு ரொம்ப அழுதேன். அப்புறம் நீயே சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன். அந்தப் பெண் நன்றாகச் சாப்பிடுகிறாளா என்று நீ கேட்டாயே, உனக்கும் அப்போதே தெரிந்துவிட்டது, இல்லையா? இரண்டு பேரும் சரியான திருடிகள்.

சர்க்கரையை நான் மறந்தே போயிருந்தேன். அரிசிகூட இல்லை, அது அப்பளம்.

உன் முற்றுப்புள்ளி என்ன சொன்னார்?

உன் தங்கை

அக்டோபர் 15

சுண்டெலி,

நலமா? அப்பளம் என்று படித்ததும் சிரித்த சிரிப்பில் அறைத்தோழி ஓடி வந்துவிட்டாள். நான் இப்போது நன்றாகச் சாப்பிடுகிறேன்.

உன் புகாரைக் கூட்டத்தில் முற்றுப்புள்ளியே வாய்விட்டுப் படித்தார். ‘எனக்குப் பதில் இருக்கிறது. வர நேரமாகும்’ என்ற இடத்தில் நிறுத்திக் கண்ணாடியைத் துடைத்தார். "மாத்திடுங்க, எல்லாத்தையும்" என்றார். எஜமான், அடிமை, நொண்டி, கறுப்புப் பட்டியல் எல்லாம் போயிற்று. உன் சொல் இனிமேல் ‘பயிற்சிக் கணக்கு’. தேடி மாற்றும் கட்டளையை நானே போட்டேன். ஒரு பொத்தான், இருநூற்றுப் பன்னிரண்டு இடம். அந்தப் பொத்தானை அழுத்தியபோது என் மணிக்கட்டு வலிக்கவே இல்லை.

புதிய கையேடு அச்சாகிப் பள்ளிகளுக்குக் கிளம்பிவிட்டது. பழைய சொல்லை இனி பயன்படுத்த வேண்டாம் என்று ஒரு சுற்றறிக்கையும் போகிறது. திரையில் வரும் சொற்களை மாற்றுகிறவர்கள் வேறு குழு, அவர்கள் ஜனவரியில்தான் வருவார்கள். அதனால் என்ன, நம் வேலை முடிந்தது.

செய்முறைத் தேர்வு எப்போது? அந்தப் படிவம் எங்கே?

அம்மாவுக்கும் அப்பாவுக்கும் என் அன்பு. நேரடியாகச் சொல்ல முடியாது, மனதுக்குள் சொல்.
அக்கா

நவம்பர் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீ நலமா என்று கொஞ்சம் பயத்தோடு கேட்கிறேன். ஏனென்று கீழே படி.

புதிய கையேடு வந்தது. சுற்றறிக்கையும் வந்தது. டீச்சர் வகுப்பில் அதைப் படித்து, "இனிமே எவனாவது அந்த வார்த்தையச் சொன்னீங்க, தேர்வு ஹாலுக்கு வெளியதான் நிக்கணும்" என்றார். நெட்டையனுக்கு என்னைக் கூப்பிடவே வழியில்லாமல் போயிற்று. இரண்டு வாரம் "ஏய்… இந்தா…" என்று தடுமாறினான். திக்கினான் என்றே சொல்லலாம்.

நேற்று செய்முறைத் தேர்வு. வெளியிலிருந்து ஒரு தேர்வாளர் அம்மா வந்திருந்தார். கையேட்டில் உள்ளபடி மட்டும் செய்ய வேண்டும், மூன்று தடவை தவறினால் கணினி பூட்டிக்கொள்ளும் என்றார். தேர்வன்றுதான் கையில் கொடுத்த புதிய கையேட்டைத் திறந்தோம். "பெயர்க் கட்டத்தில் ‘பயிற்சி’ என்று தட்டச்சு செய்யவும்." நாற்பது பேரும் தட்டினோம். நாற்பது திரையிலும் ஒரே வரி: இப்படி ஒரு பயனர் இல்லை.

மறுபடி தட்டினார்கள். மறுபடி அதே வரி. இன்னும் ஒரு தடவைதான் பாக்கி. யாரும் கையை எடுக்கவில்லை, வைக்கவும் இல்லை. டீச்சருக்கு வேர்த்துவிட்டது. "மென்பொருள் பழுது. தேர்வு ரத்துன்னு எழுதிடவா?" என்று தேர்வாளர் அம்மா பேனாவை எடுத்தார். ரத்தானால் இந்த ஆண்டு யாருக்கும் மதிப்பெண் கிடையாது. மதிப்பெண் இல்லாவிட்டால் அடுத்த ஆண்டு கணினிப் பாடமும் கிடையாது.

எனக்கு உன் கடிதம் ஞாபகம் வந்தது. திரைகள் ஜனவரியில்தான் மாறும். இருநூற்றுப் பன்னிரண்டு இடத்தில், பெயர்க் கட்டத்தில் தட்ட வேண்டிய பெயரையும் நீ மாற்றிவிட்டாய், அக்கா. புத்தகம்தான் மாறியிருக்கிறது, கணினிக்குள் பழைய பெயரே இருக்கிறது. அந்த அறையில் அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

எழுந்து நின்றேன். எழுதிக் காட்டலாமென்று பேனாவைத் தேடினேன். தேர்வு அறையில் எங்களுக்குப் பேனா அனுமதி இல்லை. "என்னம்மா, வாயால சொல்லு" என்றார் தேர்வாளர் அம்மா.

"பழைய" என்பது வந்துவிட்டது. "பேர்" வந்தது. அடுத்ததுதான் வரவில்லை. உனக்குத் தெரியும், ‘ஊ’வில் எனக்குப் பிடித்துக்கொள்ளும். நெட்டையன் புரிந்துகொண்டான். அவன் வாய் திறந்தது. நான் அவனைப் பார்த்துக் கையைக் காட்டினேன், பொறு என்று. எனக்கு எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ. அவன் வாயை மூடிக்கொண்டான். சுவர்க் கடிகாரத்தை நான் பார்க்கவில்லை. எவ்வளவு நேரமென்று தெரியாது. யாரோ ஒருத்தி மூக்கை உறிஞ்சினாள். அப்புறம் வந்தது.

"ஊமை."

டீச்சர், "அந்த வார்த்தைய..." என்று ஆரம்பித்தார்.

"ஊமைன்னு போடுங்க டீச்சர். பொஸ்தகம்தான் மாறிருக்கு. கம்ப்யூட்டர் இன்னும் மாறல." இது ஒரே மூச்சில் வந்துவிட்டது. எப்படியென்று கேட்காதே.

பின்னால் இரண்டு பேர் சிரித்தார்கள். பொய் சொல்லவில்லை, சிரிக்கத்தான் செய்தார்கள். ஆனால் முதலில் தட்டியது நெட்டையன். அவன் திரை திறந்தது. அப்புறம் நாற்பது பேரும் தட்டுகிற சத்தம், தகரக் கூரையில் மழை விழுகிற மாதிரி.

இன்று காலை அவன் என்னிடம் பென்சில் கேட்டான். எடுத்துக்கொள்ளவில்லை, கேட்டான். "இ-ருக்கு" என்று நான் சொல்லி முடிக்கும் வரை நின்றான்.

உனக்கு அங்கே ஏதாவது பிரச்சினை ஆகுமா? உடனே எழுது.
உன் தங்கை

நவம்பர் 14

என் தங்கமே,

நலம், நலம், நலம். வேலையும் இருக்கிறது.

அறுபது பள்ளியிலிருந்து ஒரே நாளில் அழைப்பு. முற்றுப்புள்ளி என் மேசைக்கு வந்து நின்றார். வேலை போயிற்று என்றுதான் நினைத்தேன். "படிக்கிற வார்த்தை வேற, தட்டுற வார்த்தை வேற. இதுகூடத் தெரியாம ஒரு பொத்தான அமுக்கிட்டீங்களே!" என்றார். நியாயம்தான். திரைக் குழுவை ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். கெட்ட சொல்லை எழுதியதும் அவசரம், அதை எடுத்ததும் அவசரம். இரவு பகலாக உட்கார்ந்து, நேற்று கணினிக்குள்ளும் பெயர் மாறிவிட்டது. ஜனவரி வரை காத்திருக்கவில்லை.

அப்புறம் அவர் கேட்டார்: "முதல்ல புகார் வந்த பள்ளி இருக்கே, அங்கேயிருந்து மட்டும் அழைப்பே வரலையே, ஏன்?"

"அங்க என் தங்கச்சி இருக்கா சார்" என்றேன். அதற்கு மேல் பேச முடியவில்லை. எனக்கும் திக்கும் போலிருக்கிறது.

நன்றாகத் தூங்கு.
அக்கா

நவம்பர் 22

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம். இந்தத் தாளைத் திருப்பிப் பார். கணினிப் பாடத்தை விடுவதற்கான படிவம். வெற்றிடங்களை நிரப்பவே இல்லை. பின்பக்கம் சும்மா கிடந்தது, எழுதுகிறேன்.

சற்றுமுன் அப்பா தண்ணீர் குடிக்க எழுந்து வந்தார். நான் ஜன்னலடியில் தாளும் பேனாவுமாக. ஒளிக்க நேரமில்லை. என்னைப் பார்த்தார், தாளைப் பார்த்தார். "அக்காவுக்கா?" என்றார். பதில் வர நேரமாயிற்று. பீரோவின் பக்கத்தில் கடிகாரம் இருக்கிறது, அவர் அதைப் பார்க்கவில்லை. "ஆமாப்பா" என்று சொல்லி முடித்தேன். தண்ணீர் குடித்தார். சமையலறை விளக்கைப் போட்டார். "கண்ணு கெட்டுடும்" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டார். வெளிச்சத்தில் என் கையெழுத்து எவ்வளவு கோணல் என்று இப்போதுதான் தெரிகிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு நான் உன்னைக் கூப்பிடுகிறேன். அப்பா இல்லை, நானே. நீ எடுத்ததும் கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்காது. வைத்துவிடாதே. சாப்பிட்டியா என்று கேட்காதே.

இந்தத் தடவை நான்தான் முதலில் கேட்பேன், உன் மணிக்கட்டு எப்படி இருக்கிறதென்று. முடிக்கும் வரை பொறு.

உன் தங்கை